கொடுத்து வைத்த சாவா?

போன வாரம் ஒரு துக்க வீடு. இறந்தவருக்கு 69 வயது. காலையில் காபி குடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் "கொடுத்து வைத்த மனுஷன்" என்று ஏழெட்டுப் பேர் சொல்லிவிட்டார்கள். படுக்கையில் கிடக்கவில்லை, பீ மூத்திரம் அள்ள வைக்கவில்லை, யாருக்கும் தொந்தரவில்லை, நல்ல சாவு. ஆறுதலுக்குச் சொல்வதுதான், தெரிகிறது. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பெரியப்பா போனபோதும் இதையேதான் சொன்னார்கள். அவர் போன ராத்திரி அவருக்கு ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தவன் நான்.

2019 மார்கழி. அவருக்கு 71. ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். 18 வருஷமாகச் சுகர். மாத்திரையும் தவறாது, சாயங்காலம் ஜிலேபியும் தவறாது.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். "வயித்துக்கு மேல கல்லு வச்ச மாதிரி இருக்குடா" என்று எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அன்றைக்கு தோசைக்குக் காரச் சட்னி. அப்புறம் என்ன சந்தேகம், கேஸ்தான். பெரியம்மா மோரில் பெருங்காயம் கரைத்தார். நான் ஓமத்தை வறுத்துக் கொதிக்க வைத்து வடிகட்டிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். "பாத்தியா, வாயுதான்" என்றார். எங்களுக்கும் நிம்மதி. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. மார்கழிக் குளிர், ஃபேன்கூடப் போடவில்லை, அவர் பனியன் மட்டும் பிழிந்து காயப்போடுகிற மாதிரி நனைந்திருந்தது. துண்டால் துடைத்துவிட்டேன். துடைத்துவிட்டுப் போய்த் தூங்கிவிட்டேன்.

இதயத்தின் அடிப்பக்கச் சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழே இரைப்பை. அந்தச் சுவருக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தால் வலி பல சமயம் நெஞ்சில் தெரியாது. மேல்வயிற்றில் பாரமாக, குமட்டலாக, வாந்தியாகத் தெரியும். ஏப்பம் வந்து கொஞ்சம் லேசாகிவிட்டது என்பதால் அது இதயமில்லை என்று ஆகிவிடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மழுங்கிப்போய் வலியே வராமலும் போகலாம். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதெல்லாம் கட்டாயமில்லை. மூச்சு வாங்கும், தாடை வலிக்கும், காரணமே இல்லாமல் அசதியாக இருக்கும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது சில்லென்று வேர்க்கும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது காரியம் முடிந்த பிறகு.

இரண்டே முக்காலுக்குப் பாத்ரூமில் செம்பு விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது, வாய் வழியாகக் கொர், கொர் என்று விட்டு விட்டு ஒரு இழுப்பு. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று கத்தினோம். முகத்தில் தண்ணீர் தெளித்தோம், உள்ளங்காலைத் தேய்த்தோம், பக்கத்து வீட்டுக்காரர் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரும் விட்டார். எதிர்வீட்டுக் காரை எடுத்து, ஆளைத் தூக்கி வைக்கவே கால் மணி நேரம். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து அந்த நீளக் காகிதத்தை எங்களிடமே கொடுத்தார்கள். நேர்க்கோடு.

அந்தக் கொர் சத்தம் மூச்சே இல்லை. இதயம் நின்ற பிறகு மூளைத்தண்டு செய்கிற கடைசி முயற்சி அது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டராவது கீழே போகிற மாதிரி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவது. ஒருவர் அழுத்த, இன்னொருவர் 108-க்குப் போன் போட்டிருக்க வேண்டும். அழுத்தாமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்கிறார்கள். நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம், அதில் நான்கு பேர் பட்டதாரி. ஒருத்தர் கை அவர் நெஞ்சில் படவில்லை.

2016 டிசம்பர் 4 ராத்திரி, ஜெயலலிதாவுக்குக் 'கார்டியாக் அரெஸ்ட்' என்று டிவியில் ஓடியபோது ஊரே கேட்டது, அது ஹார்ட் அட்டாக்தானே என்று. இரண்டும் வேறு. அட்டாக் என்பது குழாயில் அடைப்பு. ஆள் பேசிக்கொண்டிருப்பார், நடப்பார், ஓமத் தண்ணீர்கூடக் குடிப்பார். அரெஸ்ட் என்பது இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, துடிப்பதற்குப் பதில் வெறுமனே நடுங்கி, ரத்தம் ஓடுவதே நின்றுபோவது. முதலாவது பல சமயம் இரண்டாவதில் கொண்டுபோய் விடும். எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தைத்தான் 'திடீர் சாவு' என்று போஸ்டர் அடித்து ஒட்டினோம்.

மூன்று மணி நேரம் என்பதுகூடப் பொய். அந்தக் கார்த்திகையில் பழனிக்குப் போனோம். மாசாமாசம் படியேறுகிற ஆள் அவர். வின்ச் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்து "காலு இல்லாதவங்களுக்கு வச்சதுய்யா அது" என்று சத்தமாகவே சொல்லுவார். அன்றைக்கு அடிவாரத்தில் செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்க்காமலே "வின்ச்சுல போவமாடா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன பெரியப்பா, வயசாயிருச்சா?" என்று கேட்டேன். "ஆமாடா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நேற்றுவரை ஏறிய படியை இன்றைக்கு ஏற முடியவில்லை என்றால் அது வயசு செய்கிற வேலையில்லை. வயசு அவ்வளவு அவசரப்படாது.

சரி, வீட்டு அலமாரிக்கு வருவோம். நம் வீடுகளில் காலையில் வெறும் வயிற்றில் போடுகிற 'கேஸ் மாத்திரை' ஒன்று இருக்குமே, பேன்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்தது. வருஷக்கணக்கில் சீட்டு இல்லாமலே வாங்கிப் போடுகிறோம். அதிலிருக்கும் டோம்பெரிடோன் சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தைத் தொந்தரவு செய்யும் என்று சொல்லி, ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014-லேயே ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாக வேண்டாம் என்று கட்டுப்படுத்திவிட்டது. அறுபது தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொன்னார்கள். பயந்துபோய் இன்றைக்கே தூக்கி எறிய வேண்டாம். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது மாத்திரை அட்டையைக் காட்டி, இது இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். இதயத்தை வாயு என்று நினைப்பது ஒரு பக்கம், வாயுவுக்குப் போடுகிற மாத்திரை இதயத்தைப் பதம் பார்ப்பது இன்னொரு பக்கம்.

"போன மாசம்தானே ஈசிஜி எடுத்தோம், நார்மல்னு சொன்னாங்களே" என்பதும் துக்க வீட்டு வசனம்தான். ஈசிஜி என்பது அந்த நிமிஷத்துப் போட்டோ. போன மாதப் போட்டோவில் சிரித்தார் என்பதற்காக இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருப்பார் என்று அர்த்தமில்லை. அட்டாக் வந்த ஆளுக்கே முதல் ஈசிஜி சரியாகக் காட்டக்கூடும். அதனால்தான் உட்கார வைத்து மறுபடி எடுக்கிறார்கள், இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்க்கிறார்கள். ஏற்கெனவே அட்டாக் வந்து இதயம் பலவீனமான அப்பா அம்மா இருந்தால், எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈஎஃப்' எவ்வளவு என்று பாருங்கள், ஒரு துடிப்பில் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. 35-க்குக் கீழே இருந்தால் திடீரென நிற்கிற ஆபத்து அதிகம், அதைத் தடுக்கத் தோலுக்கு அடியில் வைக்கிற கருவி உண்டு. நடக்கும்போது மயங்கி விழுந்தார் என்றால் "வெயில்" என்று முடித்துவிடாதீர்கள். வயதானவர்களுக்கு இதய வால்வு சுருங்கிப்போவது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம், அதனாலும் மயக்கம் வரலாம்.

ஊரில் ஒன்றும் இல்லை என்று சொல்வதும் இப்போது எடுபடாது. 108 வண்டி 2008-லிருந்து ஓடுகிறது. 2023-ல் 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் வந்தது. நெஞ்சுவலி என்று போனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே பார்த்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், கூடவே கொலஸ்ட்ராலுக்கான அட்டார்வாஸ்டாட்டினும், மொத்தம் 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நீங்களாக வீட்டில் போடுவதற்கு இல்லை அது. ஆனால் வலி என்று வாசலைத் தாண்டினால்தானே கிடைக்கும்? நாம்தான் விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓமத்தை வறுத்துக்கொண்டிருக்கிறோமே.

எல்லோரையும் பிடித்து இழுத்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கலாம் சரிந்தார், 83 வயது. அன்றிலிருந்து நம்மவர்களுக்கு அது ஒரு லட்சியச் சாவு. இருக்கட்டும். தொண்ணூறு வயதில், பல நோயோடு, "போதும்ப்பா" என்று சொல்கிற பாட்டியின் நெஞ்சை அழுத்தி விலா எலும்பை உடைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. அதை அவர்கள் சொல்ல வேண்டும், முன்கூட்டியே, தெளிவாக இருக்கும்போது. பெரியப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. தை பிறந்ததும் பேத்தி காது குத்துக்கு ஆடு பார்க்கப் போகணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மாவும் ஒரு தடவைகூடக் 'கொடுத்து வைத்தவர்' என்று சொன்னதில்லை. சொன்னதெல்லாம் பந்தலில் இருந்தவர்கள்.

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு அம்மா, "நெஞ்சுல என்னமோ கரிக்குது, கொஞ்சம் ஓமம் போட்டுத் தர்றியா?" என்றார். அவருக்கு 66, பிரஷர் உண்டு. நான் 108-க்கு அடித்தேன். வண்டி விளக்கோடு வாசலில் வந்து நிற்க, தெருவே எழுந்து வந்துவிட்டது. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி இரண்டும். எல்லாம் சரியாக இருந்தது, நெஞ்செரிச்சல்தான். விடியக்காலையில் ஆட்டோவில் திரும்பி வரும்போது, "ஒரு ஏப்பத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டவன் ஊரிலேயே நீ ஒருத்தன்தான்டா" என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.