இந்த வயசுல எதுக்கு அதெல்லாம்?

எங்கள் பெரியம்மாவின் தலையணைக்கடியில் எப்போதும் ஒரு வர்க்கிப் பொட்டலம் இருக்கும். சின்ன வயதில் நாங்கள் அதைத் திருடித் தின்றிருக்கிறோம். ஏன் அங்கே வைக்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. போன வருடம், அவருடைய 69ஆவது வயதில்தான் காரணம் தெரிந்தது.

பெரியப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெரியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார். மனசு சரியில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உடம்பெல்லாம் எரிகிறது, நெஞ்சை அடைக்கிறது என்பார். இசிஜி, எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு டாக்டர், "வயசானா அப்படித்தாம்மா" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அந்த வார்த்தையின் மேல்தான் கோபம். வயதானால் முட்டி வலிக்கலாம். இருந்து என்ன ஆகப்போகிறது என்று தினமும் தோன்றுவது வயதின் கோளாறு இல்லை, நோய்.

கடைசியில் மனநல மருத்துவரிடம் போனோம். தைராய்டு, பி12 பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். கூடவே ஒரு சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். அதற்குத்தான் சொந்தபந்தம் சிரித்தது. "இந்த வயசுல எதுக்கு அம்மிணி அதெல்லாம்? பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது?"

சொந்தக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஐம்பதை ஒட்டியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் மனம் வளைந்து கொடுக்காது, இந்தச் சிகிச்சை சரிவராது என்று, பேசியே மனநோயைத் தீர்க்கும் முறைக்கு முன்னோடியான ஃபிராய்டே 1904இல் பேசியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 48! ஆனால் கோவாவில் நடந்த ஒரு ஆய்வு 2019இல் வெளியானது. மனச்சோர்வின் லேசான அறிகுறிகள் இருந்த, 60 வயதைத் தாண்டிய 181 பேர். பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே, பிரச்சினைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்க்கவும் ஒழுங்காகத் தூங்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் முழு மனச்சோர்வுக்குப் போனவர்கள் இந்தப் பக்கம் 4 பேர், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பக்கம் 13 பேர்.

சரி, பெரியம்மா கதைக்கு வருகிறேன். பஸ்ஸில் திரும்பும்போது அவரே சொன்னவை இவை, அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதல் ஐந்து வாரம் அந்த சைக்காலஜிஸ்ட் பெண் (பேத்தி வயதுதான் இருக்கும்) பழசைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வாசல் தெளிப்பது, சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவோடு அரை மணி நேரம் உட்காருவது. இந்த இரண்டை மட்டும் நோட்டில் எழுதி, செய்த நாளுக்கு டிக் போடச் சொன்னார். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், செய்யச் செய்ய மனசு பின்னாலேயே வரும் என்பது கணக்கு. இதற்கா ஃபீஸ் என்று நான்கூட நினைத்தேன்.

ஆறாவது வாரம் பெரியம்மாவே ஆரம்பித்திருக்கிறார். ஏழு வயதில் அம்மா போய், மாமன் வீட்டில் வளர்ந்தவர். மேய்க்கப் போன இடத்தில் ஒரு கன்று தப்பினால் அன்று ராத்திரி சோறு கிடையாது. மாட்டுச்சாளையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள். வர்க்கிப் பொட்டலம் அங்கிருந்து வந்தது. ஐம்பது வருடம் சமையலும் பிள்ளைகளும் பெரியப்பாவும் அதை அமுக்கி வைத்திருந்தார்கள். வீடு காலியானதும் சாளை திரும்பி வந்துவிட்டது. அமெரிக்காவின் சான் டியேகோவில் எடுத்த பெரிய ஆய்வொன்று 1998இலேயே இதைச் சொன்னது: சிறுவயதில் நாலு வகைக் கொடுமைகளோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் ஆபத்து பல மடங்கு அதிகம்.

சொன்ன பிறகு இரண்டு வாரம் இன்னும் மோசமாக இருந்தார். நிறுத்திவிடலாமா என்று பயந்தோம்.

எனக்குப் பிடித்தது, மாமனை மன்னித்துவிடுங்கள் என்று அந்தப் பெண் சொல்லவே இல்லை. நம் வீடுகளில் முதலில் வருவதே அந்த உபதேசம்தானே. அவர் கேட்டது வேறு: "உங்க பேத்திக்கு ஏழு வயசு. அவ கன்னை விட்டுட்டா சாளையில போட்டுப் பூட்டுவீங்களா?" பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம், "அது குழந்தைங்க" என்றாராம்.

மாத்திரை இன்னும் ஓடுகிறது. தூக்கம் ஐந்து மணி வரை வருகிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம்; இலவசம், தமிழில் பேசலாம்.

வர்க்கிப் பொட்டலத்தை எடுத்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் பெரியம்மா. போன வாரம் பார்த்தபோது அதில் எறும்பு ஏறியிருந்தது.