அலிகரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே

பிரெஞ்சுக் கணித மேதை ஆந்த்ரே வெய்ல் பற்றிய உங்கள் கட்டுரையில், பிரான்சின் ரூவான் நகரச் சிறைக் கதை நன்றாக வந்திருக்கிறது. ராணுவத்தில் சேராததற்காக 1940-இல் அடைத்துவைத்தார்கள். மனுஷர் அங்கே உட்கார்ந்து, முடிவுறு புலங்களின் (அதாவது, எண்ணி முடிக்கக்கூடிய அளவே உறுப்புகள் கொண்ட எண் அமைப்புகளின்) மேலுள்ள வளைவரைகளுக்கு, பகா எண்களின் பரவல் தொடர்பான புகழ்பெற்ற ஊகமான ரீமான் கருதுகோளின் ஒரு வடிவம் பொருந்துவதைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கிருந்தே தங்கை சிமோனுக்கு நீண்ட கணிதக் கடிதம் வேறு. தங்கையோ தத்துவம் படித்தவர், பாவம்!

ஆனால் 'சில காலம் இந்தியாவில் இருந்தார்' என்று ஒரே வரியில் முடித்தது நியாயமா? 1930-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தபோது வெய்லுக்கு வயது 23. தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர் நம் கணித அறிஞர் தி. விஜயராகவன், ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலேயக் கணித மேதை ஹார்டியிடம் படித்தவர். 1932-இல் பல்கலைக்கழகம் வெய்லை நீக்கியது. அதைப் பொறுக்காமல் விஜயராகவனும் வேலையை உதறிவிட்டு டாக்காவுக்குப் போய்விட்டார். நண்பனுக்காக வேலையை விடுவது லேசான காரியமா?

அப்புறம் வெய்ல் ஸ்ட்ராஸ்பூர், சாவ் பாவ்லோ, சிகாகோ, பிரின்ஸ்டன் என்று சுற்றியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விஜயராகவன் பிற்பாடு சென்னைக்கு வந்து, அழகப்பச் செட்டியார் தொடங்கிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். அடுத்த பகுதி எழுதினால் இந்த இரண்டு வருஷத்துக்கு இரண்டு பத்தியாவது கொடுங்கள், சார்.