பால்கனியில் காயும் வேட்டி யார் கண்ணை உறுத்துகிறது?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நான்காவது மாடிப் பால்கனியில் கொடி கட்டி ஒரு வேட்டியும் இரண்டு உள்பாவாடையும் காய்கின்றன. அவற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே சங்கச் செயலாளரின் குறிப்பு: "முகப்பின் தோற்றம் கெடுகிறது. தொடர்ந்தால் அபராதம் விதிக்கப்படும்." மற்றவர்கள் பணிவாகக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போக, ஒருவர் மட்டும் மனத்தில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டார்: "பார்க்க ஹவுசிங் போர்டு மாதிரி இருக்கிறது, சார்."

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தோற்றம், ஒழுங்கு, தரம் என்று சுற்றி வளைத்துப் பேசுவதன் அடியில் இருப்பது இந்த ஒரு பயம்தான். அந்தக் குழுவில் இருக்கும் பலர் வளர்ந்ததே வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில்தான், நான் உட்பட. வங்கிக் கடன் வாங்கி வெளியேறி வந்தோம். வந்த இடத்தில் யாரோ ஒருவருடைய ஈரத்துணி நம் பழைய முகவரியைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பதறுகிறோம்.

சங்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுக்குமாடியில் வீடு வாங்கினால் நிலத்தில் நமக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. படிக்கட்டும் நடைவழியும் மொட்டை மாடியும் எல்லோருக்கும் சொந்தம். தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. ஆகவே நடைவழியில் செருப்பு அலமாரி வைத்தால் எடுக்கச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடவேண்டிய வழி அது. கைப்பிடிச் சுவரின் மேல் பூந்தொட்டி வைத்தால் சத்தமே போடுங்கள். ஏசி தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டினாலும், அறையைப் பெரிதாக்குகிறேன் என்று ஒருவர் தூணில் கை வைத்தாலும் சங்கம் தலையிட்டே ஆக வேண்டும். வேட்டி யார் தலையில் விழுந்தது?

துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கிக்கொள்ளலாமே என்கிறார்கள். சென்னையில், வெயில் சும்மா கொட்டிக் கிடக்கும் ஊரில், மின்சாரம் செலவழித்துத் துணி உலர்த்த வேண்டுமாம். சரி, மாடியில் காயப்போடலாம் என்றால் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதைப் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் கூழ்வற்றல் பிழிய வேண்டும் என்று கேட்டுப் போன பாட்டி ஒருவரிடம் "செயலாளர் ஐயாவைக் கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா" என்று அந்தக் காவலாளி சங்கடத்தோடு சொன்னதைப் பார்த்தேன். அவரும் என்ன செய்வார். மாடியில் அந்தப் பாட்டிக்கும் பங்கு இருக்கிறது, பத்திரத்தில் எழுதியே இருக்கிறது.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை துணி நனையும் என்று இந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரியுமா? துணி துவைத்துக் காயப்போடுபவர்கள் யாரும் அந்தச் செயற்குழுவில் இல்லை என்பது என் ஊகம்.

இந்தத் தோற்ற மோகம் எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. ஃபுளோரிடாவில் மயாமி ஷோர்ஸ் என்ற சிற்றூரில் ஒரு தம்பதி 17 ஆண்டுகள் வீட்டு முன்புறத்தில் காய்கறி பயிரிட்டு வந்தார்கள். 2013இல் ஊர் நிர்வாகம் முன்புறத்தில் காய்கறி கூடாது என்று விதி போட்டது. பூச்செடி வைக்கலாம், பழமரம் வைக்கலாம், கீரை வைக்கக் கூடாது! மீறினால் நாளொன்றுக்கு 50 டாலர் அபராதம் என்றதும் செடிகளைப் பிடுங்கிவிட்டு வழக்குப் போட்டார்கள். நீதிமன்றங்களில் தோற்றார்கள். கடைசியில் 2019இல் மாநிலச் சட்டமன்றமே தலையிட்டு, வீட்டுத் தோட்டத்துக்கு உள்ளூர் நிர்வாகங்கள் தடை போட முடியாதபடி சட்டம் கொண்டுவந்தது. அதுவும் சொந்த நிலம், தனி வீடு.

வீட்டின் விலை இறங்கிவிடும் என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. விற்கப்போகிறவருக்கு அந்தக் கவலை நியாயமாக இருக்கலாம். குடியிருக்க வந்தவர்கள், என்றோ வரப்போகும் வாங்குபவரின் கண்ணுக்காக இன்று ஈரத்துணியைக் குளியலறையில் தொங்கவிட்டுப் பூஞ்சை நாற்றத்தோடு வாழ முடியாது.

வரும் பொதுக்குழுவுக்கு இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பால்கனிக்கு உள்ளே, வெளியில் நீட்டாமல் காயும் துணியைப் பற்றிச் சங்கம் பேசக் கூடாது. மொட்டை மாடி காலையிலிருந்து மாலை வரை திறந்திருக்க வேண்டும். முகப்பின் நிறம், வலையின் நிறம் பற்றியெல்லாம் அவர்கள் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை என்பார்கள். உங்கள் வீட்டு உரிமையாளரிடம் இப்போதே பேசி வையுங்கள்.