‘வழங்கலாம்’ என்றால் வழங்காமலும் இருக்கலாம்

நாடாளுமன்றம் என்றதும் நம் கண்முன் வருவது அவையில் நடக்கும் கூச்சல்தான். யார் கத்தினார், யார் வெளிநடப்பு செய்தார் என்பதோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் ஒரு சட்டத்தின் தலையெழுத்து அந்த அரங்கில் மாறுவது அபூர்வம். நாடாளுமன்ற முறையில் அவையில் பெரும்பான்மை இருக்கும்வரைதான் ஆட்சி. 1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் ஜேம்ஸ் கேலஹன் அரசு 311க்கு 310 என்று ஒரே வாக்கில் தோற்றது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்ததும் ஒரே வாக்கில்தான். அதனால் ஆளுங்கட்சியினர் கொறடா சொன்னபடி வாக்களிப்பார்கள். இறுதி வாக்கெடுப்பு என்று வந்துவிட்டால் முடிவு பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான்.

சரி, அப்படியானால் நாம் எங்கே நுழைவது? குழுக்களில் என்பேன்.

மசோதா அறிமுகமானதற்கும் இறுதி வாக்கெடுப்புக்கும் இடையில், எல்லாக் கட்சியினரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பிரிவு பிரிவாகப் படிக்கும் இடம் அது. நியூசிலாந்தில் பெரும்பாலான மசோதாக்கள், ‘முதல் வாசிப்பு’ எனப்படும் அவையின் முதல் விவாதம் முடிந்ததும் குழுவுக்குப் போகின்றன. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம், நேரில் வந்து பேசவும் கேட்கலாம். இந்தியாவில் 1993ல் துறைசார் நிலைக்குழுக்கள் வந்தன. ஆனால் ஒவ்வொரு மசோதாவையும் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வருகிறது. மக்கள் பேச இருக்கும் முக்கியமான கதவை, திறப்பதும் திறக்காததும் ஆள்பவர் விருப்பம் என்று விட்டால் எப்படி?

கதவு திறந்திருக்கும்போது நாமும் அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும். ‘இந்தச் சட்டமே வேண்டாம்’ என்று இரண்டு பக்கம் கொட்டித் தீர்த்தால், படிக்கிற உறுப்பினர் அதை வைத்து என்ன செய்வார்? மசோதாவை எடுத்து மெதுவாகப் படியுங்கள். ‘பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு வழங்கலாம்’ என்று ஒரு வரி கண்ணில் படலாம். வழங்கலாம் என்றால் வழங்காமலும் இருக்கலாம். ‘வழங்க வேண்டும்’ என்று மாற்றச் சொல்லுங்கள், எத்தனை நாளுக்குள் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ‘வகுக்கப்படும் விதிகளின்படி’ என்று வந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள். முக்கியமான ஏதோ ஒன்றைச் சட்டத்தில் எழுதாமல், பின்னால் அரசே எழுதிக்கொள்ள விட்டுவைத்திருக்கிறார்கள். பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், அது ஏன் தேவை என்று சொந்த அனுபவத்திலிருந்து நாலு வரி. ஒரு பக்கம் போதும்.

அப்புறம் உங்கள் எம்.பி. அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அமைச்சரிடம் கேட்க ஒரு கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சரின் பதில் அவைப் பதிவில் ஏறிவிடும். நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுக்க முடியாது.

இணைய மனுக்களையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. பிரிட்டனில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தருகிறது, ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கிறார்கள். ஆனால் சட்டத்தின் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் அந்த ஒரு பக்கக் கடிதத்தையே நான் நம்புவேன்.

குழுக்கள் கருத்துக் கேட்கும் அறிவிப்பு நாடாளுமன்ற இணையதளத்தில் வரும். அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான். இப்போது எந்த மசோதாவுக்குக் கருத்துக் கேட்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள்.