பெட்டி மட்டும் ஒரிஜினல்
கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ல் இன்ஜின் ஒரு தலைவலியே இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், கையடக்கமான சமாச்சாரம். எரிச்சல் எல்லாம் உதிரிபாகக் கடையில்தான். முன் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மில், அதிர்வைத் தாங்கும் ஒரு ரப்பர் புஷ் போயிருக்கும். "புஷ் தனியா வராது சார், ஆர்மோட செட்டா எடுத்துக்குங்க." சரி, ஒரிஜினலா என்று கேட்டால் அட்டைப் பெட்டியைக் காட்டுவார். பெட்டி ஒரிஜினல். உள்ளே இருக்கும் ரப்பர் ஒரு மழைக்காலம் தாங்காது.

அப்புறம் இலவச யோசனைகள். ஹெட்லைட் மங்கலா? 100/90 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்பு போடு என்பார்கள். மொத்த கரண்டும் ஸ்விட்ச் வழியாகப் போகும் பழைய வயரிங்கில் அதைப் போட்டால் ஹோல்டர் உருகிவிடும். ஃபியூஸும், ஸ்விட்சுக்குப் பதிலாக அந்தக் கரண்டைச் சுமக்கும் ரிலேவும் வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்தால் 60/55 வாட் பல்பே பளிச்சென்று எரியும். செலவும் குறைவு. அதை யாரும் சொல்ல மாட்டார்கள், லாபம் இல்லையே!

போதாக்குறைக்கு, 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். ஷாக் அப்சார்பருக்கு ஒதுக்கி வைத்த பணம் அங்கே போயிற்று.