கிரேட்டர் லேக்கை இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடாதீர்கள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் கிரேட்டர் லேக் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்த நண்பர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "அழகான இடம், ஆனா ரெண்டு மணி நேரம் போதும்." ஏரியின் விளிம்பில் காரை நிறுத்தி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். போன ஜூலையில் பிள்ளைகளோடு மூன்று இரவு டென்ட் போட்டுத் தங்கிவந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பிள்ளைகளை அவ்வளவு தூரம் கூட்டிப்போய், ஓர் இரவுகூடத் தங்காமல் திருப்பி அழைத்துவராதீர்கள்.

முதல் நாள் மதியம் எங்கள் பிள்ளைகளும் ஐந்தே நிமிடத்தில் சலித்துப்போனார்கள். பெரிய நீல ஏரி, சுற்றிலும் செங்குத்தான பாறை, அவ்வளவுதான். காரில் ஏறப் போகும்போது சின்னவன் கேட்டான்: "அம்மா, இதுக்கு ஆறு எங்க?"

ஆறே இல்லை. உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. முழுக்க முழுக்கப் பனியும் மழையும் கொடுத்த தண்ணீர். வருடத்துக்குச் சராசரியாக 40 அடிக்கு மேல் பனி கொட்டுகிற இடம் அது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அங்கே மசாமா என்ற எரிமலை இருந்தது. பெரிய வெடிப்பில் உள்ளிருந்த பாறைக்குழம்பு காலியாகிவிட, தாங்க ஒன்றுமில்லாமல் மலையுச்சி தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது. அந்தப் பள்ளம் பல நூறு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி, இன்று 1,943 அடி ஆழம். அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி அதுதான். ஆறு இல்லாததால் வண்டலும் வந்து சேர்வதில்லை. அவ்வளவு தெளிந்த தண்ணீரில் வெயிலின் சிவப்பும் மஞ்சளும் ஆழத்தில் கரைந்துவிட, நீலம் மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது.

இதையெல்லாம் விளிம்பில் நின்று சொல்லியிருந்தால் பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். முகாமில் டென்ட் கட்டும்போதுதான் அவர்களுக்கே புரிய ஆரம்பித்தது. ஆணி அடித்தால் பிடிப்பே இல்லை, மண் அப்படி உதிர்ந்தது. அதிலிருந்து மகள் ஒரு கல்லை எடுத்தாள். எலுமிச்சை அளவு, சாம்பல் நிறம், ரொட்டித்துண்டு மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. கையில் கனமே தெரியவில்லை. தம்ளர் தண்ணீரில் போட்டாள், மிதந்தது! எரிமலை கக்கிய நுரைக்கல். வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். தேசியப் பூங்காவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது என்றதும் முகம் வாடியது. ஆனால் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று இரவு ஸ்லீப்பிங் பேக்குக்குள் கிடந்தபடி கிளமத் பழங்குடியினரின் கதையைச் சொன்னேன். கீழுலகத்தின் லாவோவும் மேலுலகத்தின் ஸ்கெல்லும் நெருப்பும் பாறையும் வீசிச் சண்டையிட்டார்கள், தோற்ற லாவோவின் மேல் மலை இடிந்து விழுந்தது. வெறும் கற்பனை இல்லை இது. ஓரிகனிலேயே இருக்கும் ஃபோர்ட் ராக் குகையில் 1938-ல் மசாமாவின் சாம்பலுக்கு அடியில் நாரில் பின்னிய செருப்புகள் கிடைத்தன. அந்தப் பக்கம் மலை வெடிப்பதற்கு முன்பே மனிதர்கள் நடமாடியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த நினைவு அது.

"பிள்ளைகளுக்கு அங்கே விளையாட ஒன்றுமில்லை, இன்னும் ஏதாவது வைக்கலாமே" என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இந்த ஏரியில் முதலில் மீனே கிடையாது. இதைத் தேசியப் பூங்காவாக்க 17 ஆண்டுகள் பாடுபட்டு 1902-ல் சாதித்த வில்லியம் ஸ்டீல்தான், அதற்கு முன்பே 1888-ல் ஆசையாக மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். அப்புறம் மீனுக்குத் தீனியாக 1915-ல் கிரேஃபிஷ் என்ற நன்னீர் சிங்கி இறால் இனத்தை விட்டார்கள். இந்த ஏரியில் மட்டுமே வாழும் மசாமா நியூட் என்ற, பல்லி மாதிரி இருக்கும் சின்ன நீர்நில உயிரியை இன்று அந்த இனம்தான் அழித்துக்கொண்டிருக்கிறது. ஏரியை அவ்வளவு நேசித்த மனிதர் தொடங்கிவைத்தது இது. போதும், இனி எதையும் சேர்க்க வேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூலையிலும் இரவில் நடுங்கும், கம்பளி உடை அவசியம். கொசு மொய்க்கும். சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத பெட்டியில் பூட்டிவிடுங்கள். தண்ணீர் வரை இறங்க கிளீட்வுட் பாதை ஒன்றுதான் வழி. சீரமைப்புக்காக அதை மூடுவதால் விசாரித்துவிட்டுப் போங்கள்.

கடைசி நாள் விடியற்காலையில் மறுபடி விளிம்புக்குப் போனோம். காற்றே இல்லை, ஏரிக்குள் இன்னொரு மலை தலைகீழாக நின்றது. சின்னவன் பைனாகுலரை வைத்துக்கொண்டு 'ஏரிக் கிழவரை'த் தேடினான். குறைந்தது 1896-லிருந்து நட்ட கம்பம் மாதிரி செங்குத்தாக மிதக்கும் மரத்தண்டு அது. 1938-ல் கணக்கெடுத்தபோது மூன்று மாதத்தில் 60 மைலுக்கு மேல் ஏரிக்குள்ளேயே சுற்றியிருந்ததாம். ஒரு மணி நேரம் தேடியும் கண்ணில் படவில்லை. "அந்தப் பக்கம் போயிருப்பார், வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, பைனாகுலரை அக்காவிடம் கொடுத்தான்.