ஆறு மணிப் படம்

எங்கள் ஊர் திரைப்படச் சங்கம் வருஷத்துக்கு மூன்று நாள் விழா நடத்துகிறது. இலவசம்தான், கல்யாண மண்டபத்தில்தான், குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் ஆறு மணிப் படம் ஏழே காலுக்குத் தொடங்கினால் வாய் சும்மா இருக்குமா?

முதலில் குத்துவிளக்கு. மின்விசிறிக் காற்றில் திரி அணைகிறது. விசிறியை நிறுத்தி, மறுபடி ஏற்றி, போட்டோவுக்காக இன்னொரு தடவை. அப்புறம் பொன்னாடை. மேடையில் பதினோரு பேர், கீழே நாங்கள் முப்பது பேர். "இரண்டே நிமிடம்" என்று மைக்கைப் பிடித்தவர், 1947-இல் கல்கத்தாவில் ஃபிலிம் சொசைட்டி பிறந்ததில் ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினார்.

ஒருவழியாகப் படம். 4:3 விகிதத்தில், அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு என்று எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை, அகலமான திரை முழுக்க இழுத்து விரித்துவிட்டார்கள். கதாநாயகியின் முகம் தோசைக்கல் அகலத்துக்கு இருக்கிறது. சப்டைட்டிலின் கீழ்வரி, மேடையிலிருந்து யாரும் எடுக்காத பூங்கொத்துக்குப் பின்னால். எழுந்து போய்ச் சொன்னேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்." சரி, பண்ணிக்கொண்டேன். பாதிப் படத்தில் பளிச்சென்று விளக்கைப் போட்டார்கள். தாமதமாக வந்த புரவலருக்கு ஒரு பொன்னாடை பாக்கியாம்.

நாளைக்கு ஈரானியப் படம். ஏழே காலுக்குப் போனால் போதும்.